சம்பந்தி குடிக்காத தண்ணீர்

ராயபுரம் கல்மண்டபம் கடைத்தெருவில் விதைக்கடை ஒன்றே ஒன்றுதான் என்பது வேதமாணிக்கத்தின் எண்ணம். அதே தெருவில் இன்னும் சிலர் விதை விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பளபளப்பான உறையில் கம்பெனிக்காரன் ஒட்டிக் கொடுத்ததை ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிறவர்களை அவர் கடைக்காரர்களாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய நாற்காலியின் முதுகுப் பலகை, வாங்கிய அன்று இருந்த வார்னிஷோடு இன்றும் மின்னுகிறது. அதில் அவர் முதுகு பட்டதே இல்லை.

கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கடலைப் புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, கோழிக்குப் போடும் கருவாட்டுத் தூள், பின்கட்டில் உர மூட்டை எல்லாம் கலந்த ஒரு நெடி. காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மீன் வாசனையும் வந்து சேர்ந்துகொள்ளும். மாட்டுக்காரர்களும் கோழிக்காரர்களும் வருஷம் முழுக்க வந்து போவார்கள். ஆடி பிறந்தால் விதைக்காரர்கள் வருவார்கள். மணலி புதுநகருக்கு அப்பால், மீஞ்சூர், பொன்னேரி என்று ஆற்றோரமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அவர்கள். காய்கறியைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டுவார்கள்.

விதை மட்டும் அந்தக் கடையில் வந்த அன்றே விற்பனைக்கு வராது. மூட்டை இறங்கியதும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, நனைத்த சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, சணலால் கட்டிப் பித்தளை அண்டாவுக்குள் நிறுத்திவைப்பார் வேதமாணிக்கம். காலையும் மாலையும் தன் கையாலேயே தண்ணீர் தெளிப்பார். ஆடியின் முதல் திங்களன்று, வாடிக்கையாளர்கள் கூடி நிற்க, கட்டை அவிழ்ப்பார்கள். முளை வந்திருந்தால்தான் மூட்டையின் வாயைப் பிரிப்பது. இல்லாவிட்டால் மூட்டை வந்த வழியே திரும்பும். அவருடைய அப்பா தொடங்கிவைத்த வழக்கம் அது. ஞாயிறு ஆராதனை தவறாத குடும்பத்துக்கு ஆடி மாதம் எதற்கு என்று சபையில் யாரோ கேட்டபோது, "வெண்டைக்காய் எந்தக் கோயிலுக்கும் போறதில்ல. அதுக்குப் பட்டம்தான் தெரியும்" என்று வேதமாணிக்கம் வாயை அடைத்துவிட்டார்.

கட்டை அவிழ்க்கும் உரிமை குப்பம்மாவுக்கு. பக்கத்துச் சந்தில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஒரு வருஷம் தற்செயலாக அவள் கையால் அவிழ்த்தபோது ஒரு விதைகூடப் பழுதில்லாமல் முளைத்திருந்தது. அன்றோடு ராசியான கை என்று பேராகிவிட்டது. அந்த ஒரு திங்கட்கிழமைக்காக அவள் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருக்கும் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவாள்.

தெளிக்கும் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணறும் அப்பா வெட்டியதுதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இளநீர் மாதிரி ஊறிய கிணறு. "ராயபுரமே குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க வாசல்ல நின்னுருக்கு" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. குடிப்பதற்கு என்னவோ வீட்டிலும் கடையிலும் இப்போது கேன் தண்ணீர்தான். அதனால் கிணற்றின் பெருமை ஒரு சொட்டுக் குறைந்ததாக அவர் நினைக்கவில்லை.

அந்தக் கோடையில் அவருடைய மனைவி செல்லக்கனி மாடியிலிருந்து இறங்கி வந்து, "கிணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்கு" என்றாள்.

"சோப்ப மாத்து" என்றார்.

கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய வாசல் தொட்டியில் குப்பம்மாவின் எருமை வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது.

"ஒன் எருமைக்குக் கொழுப்பு" என்றார்.

"கொழுப்பு இருந்தாத்தானே அண்ணாச்சி பாலு நல்லா கீது" என்று சொல்லி அவள் எருமையை ஓட்டிக்கொண்டு போனாள். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வருஷம் சந்தை நிலவரம் யாருக்கும் நிம்மதி தரவில்லை. யூரியா கிடைக்கவில்லை. கப்பல் வந்துவிட்டது என்று தினமும் ஒருவன் சொல்வான். லாரிகள் கடை வாசல் வழியாகவே புழுதி கிளப்பிப் போகும். கடைக்குள் மூட்டை வராது. வந்த கொஞ்சத்தையும், கூடவே இன்ன புட்டி மருந்தை வாங்கினால்தான் தருவேன் என்று மொத்த வியாபாரி கட்டிவிட்டான். புட்டியை விவசாயி தலையில் கட்ட மனமில்லாமல், அத்தனையையும் பின்கட்டில் அடுக்கிவைத்து நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டார் வேதமாணிக்கம். தவிடு விலை ஏறியது. கம்பெனி வெண்டை விதையின் விலையைக் கேட்டவர்கள் உறையைத் தொடாமலே திரும்பினார்கள். அதனால் எல்லாருடைய கண்ணும் தெற்கே ஆலங்குளத்திலிருந்து வரப்போகும் நாட்டு வெண்டை விதையின் மேல் இருந்தது.

அதை அனுப்புகிறவர் சாலமோன். தன் தோட்டத்திலேயே காயை முற்றவிட்டு விதை எடுப்பவர். வேதமாணிக்கத்தின் சம்பந்தி. அவருடைய மகள் கீர்த்தியைத்தான் வேதமாணிக்கத்தின் மகன் ஜெரின் கட்டியிருக்கிறான். ஜெரின் எண்ணூர்த் துறைமுகத்தில் கன்டெய்னர்களோடு மல்லுக்கட்டுகிறவன். கடையை மாமனாரோடு சேர்ந்து நடத்துவது கீர்த்திதான். மானிய உரம் வாங்க வருகிறவர்கள் ரேகைக்காக விரல் வைக்கும் மெஷின் அவள் பொறுப்பு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. அவள் சலிக்காமல் ஈரத்துணியால் அந்த விரலைத் துடைத்து, "இன்னொரு தடவை வைங்க பெரியப்பா" என்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேதமாணிக்கத்துக்கு நெஞ்சு நிறையும். சொன்னதில்லை. சொன்னால் முதுகு வளைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பதிலாக, "எங்க சம்பந்தி விதை, பாத்துக்கிடுங்க" என்று பங்குனியிலிருந்தே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவந்தார். மருமகளைப் புகழ்வதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

திங்கட்கிழமை வந்தது. வாசலில் நல்ல கூட்டம். மணலி புதுநகருக்கு அப்பாலிருந்து சுப்பராயன் வண்டியோடு வந்திருந்தார். உழுது போட்ட நிலம் காத்திருக்கிறது என்பது அவர் காலிலிருந்த காய்ந்த சேற்றிலேயே தெரிந்தது.

வேதமாணிக்கம் கண்மூடி ஒரு சிறு ஜெபம் செய்தார். குப்பம்மா அவள் பங்குக்குக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சணலை அவிழ்த்துச் சாக்கை உருட்டி விரித்தாள்.

வெள்ளை முளை ஒன்றைக்கூடக் காணோம். விதைகள் கறுத்து, ஊறி, சாக்கின் இழைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டால் வழுக்கின.

"இன்னாய்யா இது, ஒண்ணு கூட எட்டிப் பாக்கல" என்றார் சுப்பராயன்.

"என் கை இன்னா பாவம் பண்ணிச்சோ" என்று குப்பம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். பக்கத்துக் கடைக்காரனாக இருக்கலாம். வேதமாணிக்கத்துக்குக் காது சூடேறியது. அப்பா காலத்திலிருந்து இந்த வாசலில் இப்படி நடந்ததில்லை. இப்போது நடந்திருக்கிறது, அதுவும் சம்பந்தி விதையில். சொந்தக்காரன் சரக்கு என்பதற்காக மூடி மறைத்தான் என்று ஒரு பேச்சு வந்தால் அப்பாவின் கடையை இழுத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். அவர் யோசிக்கவில்லை. எல்லார் எதிரிலும் போனை எடுத்தார்.

"சாலமோன்? நான்தான் பேசுதேன். நீங்க அனுப்புனது செத்த விதை. மூட்டை திரும்பி வரும்."

எப்போதும் சம்பந்தி என்றுதான் ஆரம்பிப்பார். பெயரைச் சொல்லி அழைத்தது அன்றுதான்.

"எத்தன பேர் இருக்காவ அங்க?" என்றது மறுமுனைக் குரல்.

"ஊரே இருக்கு."

"சரி. மூட்டைய அனுப்பாதீங்க முதலாளி. நானே வாரேன்."

முதலாளி. சம்பந்தி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து விழுந்தபோதுதான், தான் போட்டது எவ்வளவு பெரிய கல் என்று வேதமாணிக்கத்துக்குத் தெரிந்தது. ஆனால் போட்ட கல்லைக் கூட்டத்தின் முன்னால் குனிந்து எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கீர்த்தி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த மெஷினை.

மதியம் அவள் அவருக்குச் சோறு பரிமாறினாள். ஒரு குறையும் இல்லாத பரிமாறல். அப்பளம் தனித் தட்டில், மோர் மூடிவைத்த கிண்ணத்தில், எல்லாம் விருந்தாளிக்கு வைப்பது போல. மற்ற நாட்களில் மீன் முள்ளை எடுத்துப் போட்டபடியே கடைக் கதை பேசுகிறவள் இன்று நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரேன்" என்றார்.

"இருக்கட்டும் மாமா."

சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள். "எங்கப்பா செத்த விதை அனுப்ப மாட்டாங்க மாமா. அவ்வளவுதான்."

செல்லக்கனி மட்டும் வாய்விட்டுத் திட்டினாள். "ஊரு சிரிக்கும்னு வீட்ட அழ வச்சாச்சு. போன உள்ள வந்து பேசுனா தேஞ்சா போவும்?"

மறுநாளே சாலமோன் வந்துவிட்டார். ரயிலிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்திருந்தார். கட்டையான உடம்பு, தோளில் துண்டு, கையில் துணிப்பை. வேதமாணிக்கத்தைவிட ஒரு சாண் உயரம் குறைவு. ஆனால் நின்ற நிலையில் அந்தக் குறை தெரியவில்லை.

"உக்காருங்க" என்றார் வேதமாணிக்கம்.

"நிக்கேன்."

செல்லக்கனி செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தாள். சாலமோன் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க மதினி. என் விதை செத்ததா உயிரோட இருக்கான்னு தெரியட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி தொடமாட்டேன்."

செம்பைப் பிடித்தபடி செல்லக்கனி கணவனைப் பார்த்தாள். பெண் கொண்டவன் வீட்டு வாசலில் வந்து பெண் கொடுத்தவன் தண்ணீர் வேண்டாம் என்பதைவிடப் பெரிய சொல் அந்தக் குடும்பங்களில் கிடையாது. வேதமாணிக்கத்துக்கும் அது தெரியும். அதனாலேயே அவர் இன்னும் நிமிர்ந்துகொண்டார்.

"இங்கயே, ஒங்க கண்ணு முன்னால, திரும்பக் கட்டுவோம். அடுத்த திங்கள் அவிழ்ப்போம்."

"கட்டுங்க."

மூட்டையை அவிழ்த்து வேதமாணிக்கம் தன் கையாலேயே அள்ளினார். ஒரு பிடி சாக்குக்கு. அதே இடத்திலிருந்து இன்னொரு பிடியை அள்ளிச் சாலமோனிடம் நீட்டினார். விதை தகராறில் விற்றவன் கையிலும் ஒரு பிடி சாட்சியாக இருக்க வேண்டும். அதுவும் அப்பா வைத்த முறைதான். சாலமோன் அதை வாங்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார். புதுச் சாக்கு, புதுச் சணல், கிணற்றிலிருந்து அப்போதுதான் சேந்திய தண்ணீர். எதிலும் குறை சொல்ல முடியாதபடி வேதமாணிக்கம் செய்தார்.

சாலமோன் வண்ணாரப்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கினார். பெண் கொடுத்த வீடு மாடியில் இருக்க, தங்கை வீட்டில் போய்ப் படுத்தார். தினமும் காலையில் கடைக்கு வருவார். அண்டாவைப் பார்ப்பார். தாகமெடுத்தால் துணிப்பையிலிருந்து புட்டியை எடுத்துத் தங்கை வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பார். வேதமாணிக்கம் சாக்கில் தண்ணீர் தெளிப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச வேண்டியிருந்தால் கீர்த்தி வழியாகப் பேசுவார்கள்.

"புண்ணாக்கு மூட்டைய ஓரமா வைக்கலாம்லா, காத்து வரும்னு ஒங்க மாமாட்ட சொல்லு."

"காத்து வேணும்னா ஃபேனுக்குக் கீழ வந்து நிக்கச் சொல்லு ஒங்கப்பாவ."

"ரெண்டு பேரும் சேந்து கௌரவத்த விதைங்க" என்றாள் கீர்த்தி. "அது தண்ணியில்லாமலே முளைக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள். அதுவரை அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஆனால் அந்த நாட்களில் வேதமாணிக்கம் ஒன்றைக் கவனித்தார். உரத்துக்காக ஒரு பெரியவர் வந்தார். மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. கீர்த்தி வேறொரு வேலையாக உள்ளே போயிருந்தாள். ஓரமாக நின்றிருந்த சாலமோன் துண்டின் நுனியை நனைத்து அந்தப் பெரியவரின் விரலைத் துடைத்து, "இப்ப வைங்க அண்ணே" என்றார். அதே விதமாக, அதே பொறுமையோடு. மகள் எங்கிருந்து கற்றாள் என்று அப்போது தெரிந்தது. வேதமாணிக்கம் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த மனிதன் செத்த விதையைத் தெரிந்து அனுப்பியிருக்க மாட்டான். அப்படியானால் தெரியாமல் அனுப்பியிருக்கிறான். தெரியாமல் அனுப்பினாலும் செத்த விதை செத்த விதைதானே. இப்படியே சுற்றிச்சுற்றி வந்தது மனது.

மறு திங்கட்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. விதை வாங்க வந்தவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுப்பராயன் முகம் வாடியிருந்தது. "பட்டம் போய்கினே கீது அண்ணாச்சி. இன்னிக்கி வெத இல்லேன்னா நான் கம்பெனி உறையத்தான் வாங்கணும். வாங்குனா உரத்துக்குத் துட்டு இல்ல."

குப்பம்மா எருமையைக் கம்பத்தில் கட்டிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றாள். அன்று நல்ல புடவை கட்டவில்லை.

"வா, வந்து அவிழு" என்றார் வேதமாணிக்கம்.

"என்னாண்ட வாணாம் அண்ணாச்சி. ராசி பூட்ச்சி. வேற யாராச்சும் தொடட்டும்."

கீர்த்தி இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தாள். "வாங்க அக்கா. எங்கப்பா பேரும் போயிருச்சு, உங்க ராசியும் போயிருச்சு. போனது ரெண்டும் ஒண்ணா திரும்பி வரட்டும்."

குப்பம்மா அவிழ்த்தாள். சணல் லேசில் பிடி கொடுக்கவில்லை. சாக்கு விரிந்தது.

அதே கறுப்பு. அதே வழுக்கல். ஒரு முளை இல்லை.

வேதமாணிக்கத்தின் சொல் ஜெயித்துவிட்டது. ஊர் முன்னால் சொன்னது ஊர் முன்னாலேயே நிரூபணமாகிவிட்டது. நிமிர்ந்து நிற்க வேண்டிய நேரம். ஆனால் அவர் பார்த்தது கீர்த்தியின் முகத்தை. அவள் அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தன் அப்பாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். இந்த வெற்றியை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாலமோன் துணிப்பைக்குள் கை விட்டார். இறுகக் கட்டிய ஈரத்துண்டு ஒன்றை எடுத்துக் குப்பம்மாவிடம் நீட்டினார்.

"இதையும் நீயே அவுத்துரு தாயி."

"இது இன்னாது?"

"அவரு எனக்குச் சாட்சியாக் குடுத்த பிடி. எனக்கே பயம் வந்துட்டு, நெசமாவே செத்துப்போச்சோன்னு. அன்னைக்கே இன்னொரு துண்ட நனைச்சு முடிஞ்சு வச்சேன். இதுவர தெறந்து பாக்க தைரியமில்ல. தண்ணிய மட்டும் விட்டுக்கிட்டே வந்தேன்."

குப்பம்மா முடிச்சை அவிழ்த்தாள். துண்டு அவ்வளவு எளிதில் விரியவில்லை. வேர்கள் நூலுக்குள் நூலாகப் பின்னிப் பிடித்துக்கொண்டிருந்தன. மெல்லப் பிரித்தபோது, வெள்ளை வேரும் வெளிர்பச்சைத் தலையுமாக விதைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன.

"அய்ய, பாரேன்!" என்று கத்தினாள் குப்பம்மா. "கொயந்தைங்க மாரி கீது!"

கூட்டம் முன்னால் நெருக்கியது. சுப்பராயன் கண்ணை இடுக்கினார். "அதே வெததானா? மூட்ட மாறலியே?"

"அதே மூட்டை" என்றாள் கீர்த்தி. அவள் குரல் உடைந்தது. "மாமாதான் ரெண்டு பிடியும் தன் கையால அள்ளுனாங்க. எல்லாரும் பாத்தோம்."

"வெத ஒண்ணு. கட்டுன நாள் ஒண்ணு. இதுக்கு ஊத்துனது எந்த ஊர்த் தண்ணி?" என்றார் சுப்பராயன்.

"என் தங்கச்சி வீட்டுக் குழாய்த் தண்ணி. வண்ணாரப்பேட்டை" என்றார் சாலமோன். "இந்த வீட்டுத் தண்ணியத் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்லா. அப்ப விதைக்கு மட்டும் எப்படி விடுறது?"

சுப்பராயன் மெல்லப் பின்கட்டுப் பக்கம் திரும்பினார். "அப்ப கோளாறு அங்கதான் கீது அண்ணாச்சி."

"எங்க?"

"உங்க கெணத்துலதான்."

வேதமாணிக்கத்தின் குரல் தெரு முனை வரை கேட்டது. "யாரு கிணத்தச் சொல்லுதீரு? எங்கப்பா வெட்டுன கிணறு! ராயபுரமே குடிச்ச தண்ணி! ஏம்மா கீர்த்தி, ஒரு செம்பு சேந்திக் கொண்டா."

அவள் தயங்கினாள். "மாமா, அது வேண்டாம்..."

"கொண்டாங்கேன்."

செம்பு வந்தது. விளிம்பு வரை தண்ணீர். பார்ப்பதற்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வேதமாணிக்கம் அதை உயர்த்தி எல்லாருக்கும் காட்டிவிட்டு, அண்ணாந்து வாயில் ஊற்றினார்.

முதல் வாய் நாக்கில் பட்டதும் கரித்தது. காசிமேட்டு அலையில் குப்புற விழுந்தவன் வாய்க்குள் போகிற தண்ணீர் அது. துப்பியிருக்கலாம். அப்பாவின் கிணற்றுத் தண்ணீரை ஊர் பார்க்கத் துப்புவதா? விழுங்கினார். அடுத்த வாய். அதையும் விழுங்கினார். கண்ணோரம் நீர் கோத்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பாதிச் செம்பு வரை குடித்துவிட்டுத்தான் கையை இறக்கினார். முதுகு செங்குத்தாக இருந்தது.

சோப்பு நுரைக்கவில்லை என்று செல்லக்கனி சொன்னது நினைவுக்கு வந்தது. எருமை தலையை உதறியது நினைவுக்கு வந்தது. பின்னால் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு கோடை முழுக்க ஆழ்குழாய் போட்டு உறிஞ்சியதும், ஒரு மழைகூடப் பெய்யாததும் நினைவுக்கு வந்தது. அடியில் நல்ல தண்ணீர் தீர்ந்துபோக, கடல் மெல்ல மெல்ல உள்ளே வந்து அப்பாவின் கிணற்றில் உட்கார்ந்துவிட்டது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் தெரியவில்லை. பெருமையை மட்டும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா அண்ணாச்சி, எப்டி கீது?" என்றாள் குப்பம்மா.

தெரு காத்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். அவர் முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு சொல் போதும், கிணறு பிழைத்துவிடும். அப்பாவின் பெயர் பிழைத்துவிடும். சம்பந்தி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். மாடியில் கீர்த்தி குறையில்லாமல் பரிமாறுவாள், வாழ்நாள் முழுக்க, விருந்தாளிக்குப் பரிமாறுவது போல.

"உப்பு" என்றார் வேதமாணிக்கம்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். போன வாரம் எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ அவ்வளவு சத்தமாகவே சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. விதை நல்ல விதை. ஆலங்குளத்து விதை. எங்க கிணத்துத் தண்ணி உப்பு. அதுல போட்டா எந்த விதையும் சாவும். செத்த விதைன்னு நான் சொன்னது தப்பு. இந்த வாசல்ல நின்னுதான் சொன்னேன், இங்க நின்னே திருப்பி எடுத்துக்கிடுதேன்."

மாடியிலிருந்து செல்லக்கனியின் குரல் இறங்கியது. "அன்னைக்கே சொன்னேன், சோப்பு நுரைக்கலன்னு!"

கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்பு காதைச் சுடவில்லை.

ஊருக்குச் சொல்லியாயிற்று. அருகில் நிற்கும் மனிதரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சாலமோன் பக்கம் திரும்பினார். கீர்த்தி அதற்குள் கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கொண்டுவந்து மாமனாரின் கையில் வைத்தாள். நீங்களே கொடுங்கள் என்பதுபோல ஒரு பார்வை. அவர் அதைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

சாலமோன் டம்ளரைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. கல்லா மேசையில் வேதமாணிக்கம் வைத்திருந்த செம்பை எடுத்தார். மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரே வாயில் முகம் கோணியது. இருமினார். ஆனால் விழுங்கிவிட்டார்.

"எப்படி வே இத பாதிச் செம்பு குடிச்சீங்க சம்பந்தி?"

"குடிச்சேன்."

"வயித்தால போவும்."

"போவட்டும்."

சாலமோன் முதலில் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். வேதமாணிக்கம் உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. அங்கேயே புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சாலமோனும் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கடையில் உட்கார்ந்தது அப்போதுதான். கீர்த்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உரம் வேணுங்கறவங்க இந்தப் பக்கம் வாங்க, வெண்டை விதை அந்தப் பக்கம்" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

"வெத மூட்ட வாயத் தொறக்கணுமே, அது யாரு?" என்றார் சுப்பராயன்.

"கேக்கணுமாக்கும்" என்று குப்பம்மா முன்னால் வந்தாள். முதல் படி விதை சுப்பராயனின் பைக்குப் போனது. அவர் வண்டியை நோக்கி ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

மூட்டைமேல் உட்கார்ந்தபடி வேதமாணிக்கம் வாசலைப் பார்த்தார். கம்பத்தில் கட்டியிருந்த எருமை வெயிலில் நின்று, காலித் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தது.

"ஏம்மா கீர்த்தி" என்று கூப்பிட்டார். "அந்தக் கேன அப்படியே தூக்கித் தொட்டியில கவுத்து விடு."

"எருமைக்கா மாமா? கேன் தண்ணியா?"

"எருமைக்குத்தான். இந்தத் தெருவுல மொதல்ல உண்மையச் சொன்னது அதுதான். நான்தான் கொழுப்புன்னு வைதுட்டேன்."

கீர்த்தி கேனைச் சாய்த்தாள். எருமை மூக்கை உள்ளே விட்டது. தலையை உதறவில்லை. தொட்டி காலியாகும் வரை நிமிரவும் இல்லை.